பெயிண்ட் தூசி, உடைஞ்ச தெர்மாமீட்டர், கொசுவர்த்தி: கர்ப்பிணிகள் கேட்ட கேள்விகள்

போன இதழ்ல கர்ப்ப காலத்து தூக்கம் பத்தி பேசினப்ப, வீட்டுக்குள்ள இருக்கற கெமிக்கல் விஷயமா ஏதாவது கேக்கணும்னா எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. படிச்சு முடிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நிறைய பேர் தொட்டதுக்கெல்லாம் பயப்படறாங்க, ஷாம்புவைக் கண்டா பயம், டப்பாவைக் கண்டா பயம், ஆனா அதே கடிதத்துல போற போக்குல ‘வீட்ல சுவர் சுரண்டற வேலை நடக்குது’ன்னு ஒரு வரி எழுதிட்டு தாண்டிப் போயிடறாங்க. நான் பதறினது அந்த ஒரு வரிக்குத்தான். அதனால இந்த தடவை கேள்விகளை வந்த வரிசைல போடல. எனக்கு எது ரொம்ப கவலையோ அதை மேல வச்சிருக்கேன், கீழ போகப் போக நீங்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.

கேள்வி: அக்கா, நாம எதை சாப்பிட்டாலும் எதை சுவாசிச்சாலும் நஞ்சுக்கொடி வடிகட்டித்தான் குழந்தைக்கு அனுப்பும், அதனாலதான் அதுக்கு அந்தப் பேருன்னு எங்க பாட்டி சொல்றாங்க. நிஜமா?

பதில்: பாட்டி மேல தப்பில்லைம்மா, டாக்டர்களே ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினாங்க. 1957ல தாலிடோமைட்னு ஒரு மாத்திரை விக்க ஆரம்பிச்சு, மசக்கைக்கு நல்லதுன்னு கர்ப்பிணிகளும் சாப்பிட்டு, 1961ல அதை நிறுத்தறதுக்குள்ள பல நாடுகள்ல சேர்த்து பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல கை கால் சரியா வளராம பிறந்துச்சு. நஞ்சுக்கொடி ஒரு சுவர் இல்லைன்னு உலகம் புரிஞ்சுக்கிட்டது அப்பதான். சில பெரிய மூலக்கூறுகளை அது தடுக்கும், வாஸ்தவம்தான், ஆனா ஈயம், பாதரசம், ஆல்கஹால், கார்பன் மோனாக்சைடு, சிகரெட் புகைல இருக்கற நிகோடின் இதெல்லாம் தாராளமா அந்தப் பக்கம் போயிடும்.

கேள்வி: எனக்கு நாலு மாசம். நாங்க இருக்கறது ரொம்ப பழைய வீடு, குழந்தை வரதுக்குள்ள ஒரு ரூமை புதுசா பெயிண்ட் அடிச்சு ரெடி பண்ணலாம்னு பழைய பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டு தேய்க்க ஆரம்பிச்சிருக்காங்க. நான் மாஸ்க் போட்டுக்கிட்டு பக்கத்து ரூம்ல இருந்துக்கறேன். புது பெயிண்ட் வாசனைதான் ஆகாதுன்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி கிளம்பிடணுமா?

பதில்: புது பெயிண்ட் வர வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே கிளம்புங்க. அதுக்கு முன்னாடி தேய்க்கறதை நிறுத்த சொல்லுங்க. நீங்க பயப்பட வேண்டியது புது பெயிண்ட் வாசனையை விட பழைய பெயிண்ட் தூசிக்குத்தான்.

காரணம் ஈயம். அந்தக் காலத்து பெயிண்ட்ல நிறம் நிக்கறதுக்கும் சீக்கிரம் காயறதுக்கும் ஈயம் கலப்பாங்க. அமெரிக்காவுல வீட்டு பெயிண்ட்ல அதை 1978லதான் தடை பண்ணாங்க, பல நாடுகள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி, சில நாடுகள்ல இன்னும் சட்டமே சரியா இல்ல. சுவர்ல உரியாம கெட்டியா ஒட்டியிருக்கற வரைக்கும் அந்த பெயிண்ட் சும்மா கிடக்கும். உப்புத்தாள் போட்டாலோ, மெஷின் வச்சு தேய்ச்சாலோ, சூடு காட்டி உரிச்சாலோ கண்ணுக்குத் தெரியாத தூளா மாறி வீடு முழுக்க இறங்கும். தரைல, ஜன்னல் விளிம்புல, படுக்கைல, சமையல் மேடைல. அங்கேருந்து கைக்கு, கைலேருந்து வாய்க்கு. சாதாரண துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இதை தடுக்காது, அப்படியே நல்ல மாஸ்க்கா இருந்தாலும் அதை கழட்டிட்டு சாப்பிட்டுத்தானே ஆகணும், தூங்கித்தானே ஆகணும்.

கர்ப்பத்துல இது ஏன் கூடுதல் ஆபத்துன்னா, உடம்பு ஈயத்தை கால்சியம்னு ஏமாந்து எலும்புல சேர்த்து வச்சுக்கும், வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். குழந்தையோட எலும்பு வளர கால்சியம் வேணும்னு அம்மாவோட எலும்புலேருந்து எடுக்கும்போது பழைய ஈயமும் கூடவே ரத்தத்துக்கு வரும். அதாவது சின்ன வயசுல உள்ள போனது கூட இப்ப எழுந்து வரலாம், அது மேல புதுசா வேற சேர்ந்தா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைவு, அம்மாவுக்கு பிபி, குழந்தையோட மூளை வளர்ச்சி, எல்லாத்தையும் அது தொடும். இவ்ளோ வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ற மாதிரி ஒரு பத்திரமான அளவே ஈயத்துக்கு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

என்ன பண்ணலாம்னா, முதல்ல அந்த பெயிண்ட்ல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ண சொல்லுங்க. இருந்தா, அந்த வேலை தெரிஞ்ச ஆளுங்க வந்து, ரூமை பிளாஸ்டிக் ஷீட்டால மறைச்சு, ஈரம் பண்ணிட்டுத்தான் எடுக்கணும். எடுத்தே ஆகணும்னு கூட இல்ல, உரியாத சுவரா இருந்தா அது மேலயே அடிச்சு மூடிடலாம். வேலை நடந்து, கடைசி துடைப்பு முடியற வரைக்கும் நீங்க அந்த வீட்லயே இருக்க வேண்டாம், வீட்ல வேற சின்னக் குழந்தை இருந்தா அதுவும் வேண்டாம். தூசியை துடைப்பத்தால பெருக்கக் கூடாது, பெருக்கினா எழும்பும், சாதா வாக்குவம் கிளீனர் அதை விட மோசம், நுண்ணிய தூசியை பின்னாடி வழியா காத்துல ஊதி விடும். ஈரத்துணியால துடைங்க, அந்தத் தண்ணியை அடிக்கடி மாத்துங்க, ஜன்னல் விளிம்பை மறக்காதீங்க.

ஏற்கனவே அந்த தூசில இருந்துட்டீங்க இல்லையா, அதனால அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட விஷயத்தை சொல்லி ரத்தத்துல ஈயம் எவ்ளோ இருக்குன்னு பாக்க சொல்லுங்க, சாதாரண ரத்தப் பரிசோதனைதான். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இல்ல அதுக்கு மேல வந்தா எங்கேருந்து வருதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு 2021ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்லுது. கால்சியமும் இரும்புச்சத்தும் குறைவா இருந்தா உடம்பு ஈயத்தை ஜாஸ்தி இழுத்துக்கும், அதனால டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. உடம்பை சுத்தம் பண்றேன், டீடாக்ஸ்னு யாராவது பொடியோ கஷாயமோ குடுத்தா வேண்டவே வேண்டாம், அந்தப் பொடிலயே ஈயம் கலந்திருந்து பிடிபட்ட கேஸ் நிறைய.

புது பெயிண்ட் பத்தியும் கேட்டீங்க. தண்ணில கரையற, வாசனை கம்மியான பெயிண்ட்டா பாத்து வேற யாராவது அடிக்கட்டும், ஜன்னலை திறந்து வச்சு நல்லா காய விட்டு வாசனை போனப்புறம் வாங்க. புதுசா பலகைல பண்ண கட்டில், அலமாரி வாங்கறதா இருந்தாலும் இப்பவே வாங்கி காத்தோட்டமா வச்சிடுங்க, சில பலகைகளோட பசைலேருந்து ஃபார்மால்டிஹைடு கொஞ்ச நாள் வந்துக்கிட்டே இருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய பேட்டரி பிரிக்கற எடத்துல வேலை பாக்கறார். வந்ததும் அப்படியே என்கிட்ட உக்காந்து வயித்துல கை வச்சு குழந்தை அசையுதான்னு பாப்பார். எனக்கு இப்ப ஆறு மாசம். அவர் வேலையால எனக்கு ஏதாவது ஆகுமா? கேக்கவே சங்கடமா இருக்கு, வேலையை விட சொல்ல முடியாது.

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நல்ல மனுஷன், வயித்துல கை வைக்கறதை நிறுத்தவே வேண்டாம், குளிச்சுட்டு வந்து வைக்கட்டும், அவ்ளோதான்.

வண்டி, இன்வெர்ட்டர் பேட்டரிக்குள்ள இருக்கறது பெரும்பாலும் ஈயம்தான். அந்தத் தூள் சட்டைல, தலைமுடில, செருப்புல, வண்டி சீட்ல ஒட்டி வீட்டுக்கு வரும். வேலை பாக்கறவங்க மூலமா வீட்ல இருக்கற குழந்தைகளுக்கு ஈயம் ஏறினது எத்தனையோ நாட்டுல பதிவாகியிருக்கு. வேலையை விட வேண்டாம், ஆனா வேலை எடத்துலயே குளிச்சு உடுப்பு மாத்திட்டு வர வழி இருக்கான்னு பாக்கட்டும். இல்லைன்னா வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஷூவையும் உடுப்பையும் கழட்டி ஒரு பையில போட்டு கட்டிட்டு, நேரா தலையோட குளிக்கட்டும். அந்தத் துணியை நீங்க தொட வேண்டாம், உதற வேண்டாம், அவரே தனியா துவைக்கணும், மத்த துணியோட கலக்கக் கூடாது. வேலை எடத்துல சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும், இது அவருக்காக. ரெண்டு பேருமே ரத்தத்துல ஈயம் பாத்துடுங்க, அவரோட அளவு உங்களோடதை விட அதிகமா இருக்க வாய்ப்பிருக்கு. பழைய பெயிண்ட் சுரண்டறவங்க, சால்டரிங் பண்றவங்க, பூச்சி மருந்து அடிக்கறவங்க வீட்டுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: குளிர் காலத்துல கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சு கதவை சாத்திட்டு தூங்கறோம், கரண்ட் போனா ஜெனரேட்டரை வராண்டாவுல ஓட்டறோம். ஒரு வாரமா காலைல தலைவலி, வாந்தி. மசக்கை திரும்ப வருமா? இப்ப எனக்கு அஞ்சாம் மாசம்.

பதில்: தயவு செஞ்சு இன்னிக்கு ராத்திரி அந்த அடுப்பை உள்ள கொண்டு வராதீங்க. இது மசக்கையாவும் இருக்கலாம், கார்பன் மோனாக்சைடாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் அறிகுறி ஒரே மாதிரிதான், அதுதான் கொடுமை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இது போய் உக்காந்துக்கும், குழந்தையோட ரத்தம் அம்மாவோடதை விட இதை ஜாஸ்தி பிடிச்சு வச்சுக்கும், விடறதுக்கும் ரொம்ப நேரமாகும். அம்மா தலைவலியோட தப்பிச்சு குழந்தை போயிட்ட சம்பவங்கள் இருக்கு, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். வீட்ல மத்தவங்களுக்கும் தலைவலி இருக்கா, வெளில போனா சரியாகுதா பாருங்க, ஆமான்னா சந்தேகமே வேண்டாம். எப்படி இருந்தாலும் நாளைக்குன்னு தள்ளாம இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போய் ‘கரி அடுப்பு வச்சு மூடின ரூம்ல தூங்கினேன்’னு சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனை எடுக்கவே தோணும். ஜெனரேட்டர் வராண்டாவுல கூடாது, ஜன்னல் கதவுலேருந்து குறைஞ்சது 6 மீட்டராவது தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராத மாதிரி வைக்கணும். கேஸ்ல ஓடற ஹீட்டர் பாத்ரூமுக்குள்ள இருக்கறவங்களும் வெளிக்காத்து வர வழி அடைபட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு ஒண்ணு விக்குது, முடிஞ்சவங்க மாட்டிடுங்க.

வீட்ல சிகரெட் பிடிக்கறவங்க இருந்தா அந்தப் புகைலயும் இதே வாயு இருக்கு. ஜன்னல் ஓரமா நின்னு பிடிக்கறேன்னு சொல்றதெல்லாம் போதாது.

கேள்வி: தெர்மாமீட்டர் கீழ விழுந்து உடைஞ்சு பாதரசம் உருண்டை உருண்டையா ஓடிடுச்சு. நான் துடைப்பத்தால கூட்டி எடுத்துட்டேன், கையாலயும் கொஞ்சம் தொட்டேன். அழுதுக்கிட்டே எழுதறேன்.

பதில்: அழாதீங்கம்மா. ஒரு தெர்மாமீட்டர்ல இருக்கறது அரை கிராம், ஒரு கிராம் மாதிரி கொஞ்சம்தான். அதை ஒரு தடவை தொட்டதால தோல் வழியா பெருசா எதுவும் போயிடாது. பிரச்சனை அது ஆவியாகி மூச்சு வழியா போறதுதான், அதனால விட்டுப்போன துளி மூலைல, பாய் இடுக்குல கிடக்க விடாம எடுத்துடணும். ஜன்னலை திறந்துட்டு, மத்த ரூம் கதவை சாத்திட்டு நீங்க வெளிய இருங்க, இதை வேற ஒருத்தர் பண்ணட்டும். நகை கழட்டி, கையுறை போட்டு, டார்ச் அடிச்சுப் பாத்தா துளிகள் மின்னும், கெட்டி அட்டையால தள்ளி ஒண்ணு சேர்த்து சொட்டு மருந்து குழாயால உறிஞ்சி எடுக்கணும், பொடித் துளிகளுக்கு டேப் ஒட்டி எடுக்கணும். எல்லாத்தையும், அந்தத் துடைப்பத்தையும் சேர்த்து, இறுக்கமா மூடிக் கட்டி ஊர் நிர்வாகம் அபாயக் கழிவு வாங்கற எடத்துல குடுங்க, சிங்க்ல ஊத்த வேண்டாம். வாக்குவம் கிளீனர் மட்டும் போட்டுடாதீங்க, அது பாதரசத்தை சூடாக்கி வீடு முழுக்க பரப்பிடும். இனிமே டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

பாதரசம்னு வந்ததால ரெண்டு விஷயம், இதை யாரும் கேக்கல ஆனா தெர்மாமீட்டரை விட இதுதான் முக்கியம். ஒண்ணு, சிவப்பழகு கிரீம். சில கிரீம்கள்ல பாதரச உப்பு கலக்கறாங்க, தினமும் பூசினா தினமும் உள்ள போகும், துண்டு தலையணை வழியா வீட்ல எல்லாருக்கும் போகும். மினமாட்டா ஒப்பந்தம்னு 2013ல உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துலயே இந்த கிரீம்களை தடுக்க விதி இருக்கு, அப்படியும் விக்குது. லேபிள்ல கேலோமெல், மெர்குரின்னு ஏதாவது இருந்தாலோ, லேபிளே இல்லைன்னாலோ, பூசின சில நாள்லயே வெளுக்குதுன்னாலோ இன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டாவது மீன். சுறா, வாள்மீன் மாதிரி மத்த மீனைத் தின்னு வாழற பெரிய மீன்ல மெத்தில் மெர்குரிங்கற பாதரச வகை சேர்ந்திருக்கும், அதை பிரசவம் வரைக்கும் விட்டுடுங்க. அதுக்காக மீனையே நிறுத்திடாதீங்க, மத்தி நெத்திலி மாதிரி சின்ன மீன்ல பாதரசம் கம்மி, குழந்தை மூளைக்கு வேண்டிய கொழுப்பு நிறைய, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை தாராளமா சாப்பிடலாம்.

கேள்வி: டாய்லெட் கறை போகலைன்னு ஆசிட் ஊத்தி, அது மேலயே பிளீச்சும் ஊத்தினேன். கண்ணு எரிஞ்சு மூச்சு முட்டி வெளிய ஓடி வந்துட்டேன். ரெண்டு நாள் ஆச்சு, இப்ப ஒண்ணும் இல்ல.

பதில்: ஓடி வந்தீங்களே, அதுதான் சரி. ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தா வர்றது குளோரின் வாயு, அம்மோனியா இருக்கற கிளீனரோட பிளீச் சேர்ந்தா குளோரமின், ரெண்டுமே நுரையீரலை அரிக்கும். ஒரு தடவை முகர்ந்து சரியாயிட்டீங்கன்னா குழந்தைக்கு நேரடியா அந்த வாயு போகாது, ஆனாலும் அடுத்த செக்கப்ல சொல்லிடுங்க, இருமலோ மூச்சுத் திணறலோ மிச்சம் இருந்தா இப்பவே போங்க. எதையும் எதோடயும் கலக்காதீங்க. தினசரி சுத்தத்துக்கு சோப்புத் தண்ணி போதும். பாத்ரூம் கழுவற வேலையை பிரசவம் வரைக்கும் வீட்ல வேற யாராவது எடுத்துக்கட்டுமே, ஏன் நீங்க?

கேள்வி: கொசுவர்த்தி, லிக்விட், ஸ்ப்ரே, நெட் இதுல எது பத்திரம்? கரப்பான் பூச்சிக்கும் ஸ்ப்ரே அடிக்கறோம்.

பதில்: நெட்தான். கொசுவர்த்தி கடைசி எடம். ஒரு சுருள் எரிஞ்சு முடியறப்ப வர்ற நுண்துகள், 75லேருந்து 137 சிகரெட் எரிச்சா வர்ற அளவுக்கு இருக்கும்னு 2003ல வெளியான ஒரு ஆராய்ச்சில அளந்து சொல்லியிருக்காங்க, மூடின ரூம்ல ராத்திரி முழுக்க அதை சுவாசிக்கறதை நினைச்சுப் பாருங்க. லிக்விட்ல புகை இல்லைன்னாலும் பூச்சிக்கொல்லிதான் ஆவியா வருது, வச்சே ஆகணும்னா தூங்கறதுக்கு முன்னாடி ஆளில்லாத ரூம்ல கொஞ்ச நேரம் வச்சு அணைச்சுட்டு காத்து வாங்க விட்டு போங்க. ஆனா ஒண்ணு, கெமிக்கலுக்கு பயந்து கொசுக்கடி வாங்காதீங்க. கர்ப்பத்துல மலேரியா, டெங்கு, ஜிகா வந்தா இந்த எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து. வெளில போகும்போது டீட் இருக்கற கொசு விரட்டியை லேபிள்ல சொன்னபடி பூசிக்கலாம், கர்ப்பிணிகளும் பூசலாம்னுதான் சொல்றாங்க. முழுக்கை உடுப்பு, ஜன்னல்ல வலை, தேங்கின தண்ணியை கொட்டறது.

கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டாம். ராத்திரி எச்சில் பாத்திரம் போடாம, குழாய் ஒழுகல் அடைச்சு, சுவர் ஓட்டை மூடி, மூலைல ஜெல் வைங்க, அது காத்துல பரவாது. துணி அலமாரில அந்துருண்டை இருந்தா எடுத்துடுங்க, அதுல இருக்கற நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கற ஒரு நொதி பிறவிலேயே குறைவா இருக்கறது) உள்ளவங்களுக்கு ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், குழந்தைக்கும் போகும், பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலைல கொண்டு விடும். அதே அலமாரில இருந்த துணியை துவைச்சு வெயில்ல போடாம குழந்தைக்கு சுத்தாதீங்க.

கேள்வி: வீட்ல இருந்த எல்லா பிளாஸ்டிக்கையும் தூக்கிப் போட்டுட்டேன். நான்ஸ்டிக்கையும் போடணுமா?

பதில்: எல்லாத்தையும் போட்டிருக்க வேண்டாம். சூடு, எண்ணெய், கீறல் இந்த மூணும் பிளாஸ்டிக்கோட சேரும்போதுதான் பிபிஏ, தாலேட் மாதிரி ஹார்மோனைக் குழப்பற சமாச்சாரம் சாப்பாட்டுல இறங்கும். கொதிக்கறதை அதுல ஊத்தாம, மைக்ரோவேவ்ல அதோட வைக்காம இருந்தா பாதிக்கு மேல ஜெயிச்சாச்சு, அரிசி பருப்பு கொட்டி வைக்கற டப்பாவுக்கெல்லாம் அலட்டிக்காதீங்க. ‘பிபிஏ ஃப்ரீ’ன்னு போட்டதுல சில சமயம் அதோட பங்காளி பிபிஎஸ் இருக்கும், அதனால அந்த ஸ்டிக்கரை நம்பி சூடு பண்ணாதீங்க. பில் அடிக்கற வழவழ காகிதத்துலயும் இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கலாம், சானிடைசர் போட்ட ஈரக் கையோட அதைப் பிடிக்காதீங்க. நான்ஸ்டிக் கீறல் விழுந்ததுன்னா மாத்துங்க, நல்லா இருந்தா மிதமான தீல வைங்க, வெறுமனே காய விட்டு 260 டிகிரி செல்சியஸ் தாண்டினா அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

கேள்வி: கர்ப்பம்னே தெரியாம முதல் ஆறு வாரம் தலைக்கு டை அடிச்சேன், நெயில் பாலிஷ் போட்டேன், பழைய அலமாரியை நானே சுரண்டி பெயிண்ட் அடிச்சேன். ராத்திரி தூக்கமே வரல. என் குழந்தைக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனோன்னு தோணுது.

பதில்: இல்லம்மா. தெரியாம நடந்ததுக்கு பேரு கெடுதல் பண்றது இல்ல. ஹேர் டை தோல் வழியா உள்ள போறது ரொம்ப கொஞ்சம், ஒரு தடவைக்கு ஆபத்துன்னு காட்டின ஆதாரம் இல்ல, முடி நேராக்கற ஃபார்மால்டிஹைடு ட்ரீட்மென்ட் மட்டும் இப்ப வேண்டாம். நெயில் பாலிஷையும் விட்டுத் தள்ளுங்க. அலமாரி எவ்ளோ பழசுன்னு மட்டும் விசாரிங்க, ரொம்ப பழசுன்னா ஈயம் ஒரு தடவை பாத்துடுங்க, வந்த அளவைப் பொறுத்து அடுத்து என்னன்னு டாக்டர் சொல்வாங்க. எந்த கெமிக்கலும் தொடாத அம்மாக்களுக்கும் நூத்துல ரெண்டு மூணு குழந்தை ஏதோ ஒரு பிறவிக் குறையோட பிறக்குது, பெரும்பாலும் காரணமே தெரியறதில்ல, அதை யாரும் தன் தலைல எடுத்துப் போட்டுக்கக் கூடாது. ஃபோலிக் ஆசிட் ஆரம்பிச்சாச்சா? இல்லைன்னா நாளைக்கே கேளுங்க. இந்த தூக்கம் வராத விஷயத்தையும் செக்கப்ல வாய் விட்டு சொல்லுங்க, அதுவும் அவங்க பாக்க வேண்டிய விஷயம்தான். அஞ்சாம் மாச ஸ்கேன் முடிஞ்சதும் எனக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.